பிடி இல்லாத போட்டி

சங்கரன்கோவிலில் ஏழு வருடம் தொடர்ந்து வீடியோ கேம் சண்டைப் போட்டி நடத்தியவன் நான். இதைக் கேட்டுப் பெண் வீட்டார் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனது ஒரு முறை அல்ல, இரண்டு முறை. போகட்டும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே நிரம்பி வழிகிறது, ராட்டினக்காரனும் மிட்டாய்க் கடைக்காரனும் பிழைக்கிறார்கள், நான் மட்டும் பிழைக்கக் கூடாதா என்று கேட்டால் எவனும் பதில் சொல்வதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் என் கேம் கடை இருந்தது. இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள். தபசு முடிந்த மறுநாள் காலையில் போட்டி தொடங்கும்.

முதல் வருடம் எட்டுப் பேர் வந்தார்கள். விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். திரையில் இரண்டு பேர் சண்டை போடுவார்கள். அடியைக் கையால் தடுத்துக்கொண்டே இருக்கலாம். அப்படித் தடுத்துக்கொண்டு நிற்கிறவனை எதிராளி கிட்டே வந்து பிடித்துத் தூக்கி எறியலாம். அதற்குப் பெயர்தான் பிடி. பிடிபட்டவன் அதே நொடியில் தானும் அதே பட்டன்களை அமுக்கினால் பிடி விட்டுவிடும். பிடியை விடுவிக்கிற இந்த வழி எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

பனவடலிசத்திரத்திலிருந்து வந்த ஒருவன், புளியங்குடிக்காரன் ஒருவனைத் தொடர்ந்து ஏழு தடவை பிடித்து எறிந்தான். எட்டாவது தடவை புளியங்குடிக்காரன் நாற்காலியைத் தூக்கிவிட்டான். "ஏலே, அடிக்கணும்னா அடி. பிடிச்சு பிடிச்சுத் தூக்கிப் போடுததுக்கு நான் என்ன ஆட்டுக்குட்டியா?" என்றான். நாற்காலி டிவிக்கு ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது. டிவி தவணையில் வாங்கியது. அன்றைக்கே சட்டம் போட்டேன். இந்தக் கடையில் பிடி கிடையாது. மீறி எவனாவது பிடித்தால், பிடிபட்டவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். நான் ஆட்டத்தை நிறுத்தி அந்த ரவுண்டை அவனுக்குக் கொடுத்துவிடுவேன்.

சட்டம் அருமையாக வேலை செய்தது. அதற்கப்புறம் ஒரு நாற்காலியும் பறக்கவில்லை. கையைத் தூக்கினால் நியாயம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது.

இரண்டாம் வருடம் பிளக்ஸ் வைத்தேன். 'மாபெரும் சண்டை விளையாட்டுப் போட்டி' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். பிளக்ஸ் கடை அண்ணாச்சி, "நடுவுல எடம் சும்மா கெடக்கே, என்னமாவது போடுவோமா" என்று கேட்டார். 'புரொஃபஷனல்' என்று போடச் சொன்னேன். அப்படித்தான் நாங்கள் புரொஃபஷனல் ஆனோம். அந்த வருடம்தான் கடையநல்லூரிலிருந்து ஒருவன் முதன்முதலாக வந்தான், பிற்பாடு எனக்கு நண்பனானவன். லுங்கிக் கடையில் வேலை. ஒல்லியான ஆள், பேச்சும் குறைவு. வந்து ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனான். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிடுவான்.

மூன்றாம் வருடம் இறுதி ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனது. இன்வெர்ட்டரும் காலை வாரியது. மூன்று மணி நேரம் எல்லோரும் மாடியிலேயே வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம், ஒருவனும் வீட்டுக்குப் போகவில்லை. கரண்ட் வந்ததும் கடையநல்லூர்க்காரன்தான் ஜெயித்தான். கொரோனா வந்த வருடம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஐந்தே பேரை வைத்து நடத்தினோம். அதிலும் அவன்தான். ஐந்தாம் வருடம் தென்காசியிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பத்து பதினைந்து பேர் படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது அப்போதுதான். யாராவது விளையாட்டைப் பற்றி என்ன கேட்டாலும், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பட்டென்று பதில் சொல்லுவேன். அமைப்பாளர் அல்லவா.

ஆறாம் வருடம் கடையநல்லூர் நண்பனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னான்.

"வாப்பா எனக்கு கல்ஃபுக்கு விசா எடுத்துட்டாருவே. கொஞ்ச நாள் தவணை கேட்டிருக்கேன். மெட்ராஸ்ல வருஷா வருஷம் பெரிய போட்டி நடக்குல்லா, அதுல முதல் எட்டுக்குள்ள வந்துட்டா ஒரு டீம்காரங்க மாசச் சம்பளம் போட்டு எடுக்காங்களாம். வீட்டுல இருந்தே ஆடலாமாம். இல்லன்னா பிளேன் ஏற வேண்டியதுதான்."

"ஏறினா என்ன, உம்ம ஊர்ல எல்லாரும் போறதுதான" என்றேன்.

"பதினாறு வயசு வரைக்கும் எனக்கு வாப்பான்னா பெட்டியோட வந்து பெட்டியோட போற ஆளு. பக்கத்துல படுத்தாக்கூட கூச்சமா இருக்கும். என் பிள்ளைக்கு அது வேண்டாம்வே."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நானே அவன் பெயரைப் பதிந்தேன். சென்னைக்காரர்கள் மெயிலில் விதிகளை அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். அவன் அதை என் முன்னால் நீட்டினான்.

"நீரு பி.காம்லா, படிச்சுச் சொல்லும். பிடி உண்டா அங்கன? வீடியோல பூரா பிடிக்கானுவளே."

நான் இரண்டு பக்கம் படித்தேன். எத்தனை மணிக்கு வர வேண்டும், சாப்பாடு உண்டா என்கிற இரண்டு பக்கம். மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். வைத்தது வைத்ததுதான். ஆனால் அவனுக்குப் பதிலை மட்டும் அப்போதே சொல்லிவிட்டேன்.

"வெளிநாட்டுக்காரன் பிடிப்பான். இது புரொஃபஷனல் போட்டிவே. நம்மளே விடல, அவங்க விடுவாங்களா?"

அவன் தலையாட்டினான். அதற்கப்புறம் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் என்னைச் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

சென்னையில் கல்யாண மண்டபம் மாதிரி ஒரு பெரிய ஹால். நாலா பக்கமும் திரை, காதில் ஹெட்போன் மாட்டிய பையன்கள், கழுத்தில் அட்டை தொங்க நடுவர்கள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவனுக்கு முதல் எதிராளி ஒரு பெங்களூர்க்காரன். முதல் ரவுண்டை நண்பன் சாவகாசமாக ஆடி ஜெயித்தான். பக்கத்தில் நின்ற ஒருவர் இவர் எந்த ஊர் என்று கேட்டார். சங்கரன்கோவில் என்று சத்தமாகச் சொன்னேன்.

இரண்டாவது ரவுண்டில் பெங்களூர்க்காரன் கிட்டே வந்து பிடித்துத் தூக்கி எறிந்தான்.

நண்பன் கன்ட்ரோலரை மடியில் வைத்தான். வலது கையைத் தூக்கினான். எங்கள் மாடியில் இத்தனை வருடமும் தூக்கிய அதே மாதிரி, நிதானமாக. ஆட்டம் நிற்கவில்லை. திரையில் அவனுடைய ஆள் கீழே கிடந்து எழுந்து சும்மா நின்றான், எதிராளி வந்து அடித்துக்கொண்டே இருந்தான். நடுவராக இருந்த பெண் ஓடி வந்து, "கன்ட்ரோலர் வேலை செய்யலையா?" என்று கேட்டாள். அவன் திரையைக் காட்டி, "பிடிச்சுட்டான்" என்றான். அவளுக்கு விளங்கவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்குள் ரவுண்டு முடிந்துவிட்டது. அவன் திரும்பி என்னைத் தேடினான்.

நான் தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

மூன்றாவது ரவுண்டும் போனது. தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, அது ஒரு மணி நேரம் கழித்து. அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டு, பிடியை எப்படி உடைப்பது என்று தெரிந்துகொண்டு வந்து சொன்னேன். "அவன் பிடிக்கும்போது நீரும் அதே பட்டன அமுக்கும், அவ்வளவுதான்." அவன் சரி என்றான். நாலைந்து தடவை வெறுங்கையிலேயே விரலை அமுக்கிப் பார்த்துக்கொண்டான். ஆனால் ஆட்டத்தில் பிடி விழும்போதெல்லாம் அவன் கை கன்ட்ரோலரை விட்டு எழுந்துகொண்டே இருந்தது. எழுந்த பிறகு அவசரமாகத் திரும்பி அமுக்கினான். அதற்குள் எறிந்தாகிவிடும். புதிய எதிராளி இரண்டே பிடியில் சங்கதியைக் கண்டுகொண்டான், வேறு எந்த அடியும் அடிக்கவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் சோலி முடிந்துவிட்டது.

மறுநாள் காலை பஸ் ஏறினோம். சங்கரன்கோவில் வரைக்கும் பகல் முழுக்கப் பயணம். அவன் அந்தப் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மதுரையில் இறங்கி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கினான், அதன் சட்டை நிறம் நன்றாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டான். இருக்கிறது என்றேன். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

அடுத்த மாதம் விமானம் ஏறினான். நான் வழியனுப்பப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

ஏழாம் வருடம் பிடி உண்டு என்று அறிவித்தேன். ஆறு பேர்தான் வந்தார்கள். எல்லோரும் எல்லோரையும் பிடித்து எறிந்தார்கள். பார்க்கவே சகிக்கவில்லை. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு ஷட்டரை இறக்கினேன். அதற்கப்புறம் நடத்தவில்லை. கேம் பெட்டிகளை விற்றுவிட்டேன். அந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறேன்.

இந்த வருடம் தபசு முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, அங்கே அவனுக்கு வார லீவாயிற்றே என்று, மத்தியானம் போனில் கூப்பிட்டேன். அவனுக்கு அங்கே குடோனில் வேலை. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொன்னான். போன தடவை லீவில் வந்தபோது பிள்ளை அவனைக் கண்டு அழுது, உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டதாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்வே. அந்தப் பதினோரு பக்கத்துல நான் ரெண்டு பக்கந்தான் படிச்சேன்."

அங்கே பின்னால் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"தெரியும்வே" என்றான். "அன்னைக்கு அங்கனயே தெரியும். நீரு தலையக் குனிஞ்சு செல்போனப் பாத்தீருல்லா."

"பின்ன ஏன்வே ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா உம்ம பக்கத்துல உக்காந்து ஊர் வந்து சேர முடியாதுல்லா. அவ்வளவு தூரம்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பிள்ளை கூப்பிடுத நேரம் ஆச்சுவே" என்றான். "லைன் பிசியா இருந்தா வெளையாடப் போயிரும். வைக்கட்டா?"