பிளாஸ்டிக் தாளை யார் உரிப்பது?

இன்னும் கடைக்கே வராத இரண்டு போன்களுக்காக, போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சண்டை நடந்தது.

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, பிரியாணி சாப்பிட்டு, ஆவடி வெயிலுக்கு பயந்து ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தார் என் கணவர் ஸ்டீபன். கையில் போன். போனுக்குள் ஒரு ஆள், வரப்போகும் இரண்டு மாடல்களை அக்குவேறு ஆணிவேறாக அலசிக்கொண்டிருந்தார். அவரும் இரண்டையும் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு வதந்தியை இன்னொரு வதந்தியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்!

"ஜெசி, இதுல கேமரா சூப்பரா கீதாம். ஆனா சார்ஜ் நிக்காதாம். அதுல சார்ஜ் நிக்கும், கேமரா சுமார்தானாம்."

"சரிங்க... எதை வாங்கப் போறீங்க?"

"இன்னா அவசரம்? ரெண்டும் வரட்டும். பாத்துகினு வாங்கலாம்."

இதே பதிலைத்தான் போன வருடமும் சொன்னார். வேறு இரண்டு போன்களுக்கு. அவை வந்தன, விலை குறைந்தன, கடையிலிருந்தே காணாமல் போயின. இவர் அடுத்த இரண்டுக்குத் தாவிவிட்டார்.

'அவர் போன், அவர் பாடு. உனக்கென்னம்மா வந்தது?' என்று கேட்பீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். புது போன் ஸ்டீபனுக்கு. அவருடைய பழைய போன் எனக்கு. என்னுடையது என் மாமியாருக்கு. மாமியாருடையது சமையலறை அலமாரியில் அலாரம் அடிக்க. ஆக, அவர் வாங்காவிட்டால் யாருக்கும் எதுவும் நகராது. பூந்தமல்லி சிக்னலில் நிற்கிற மாதிரிதான் – முன்னால் இருக்கிற வண்டி கிளம்பினால்தான் எங்களுக்கு வழி.

கல்யாணமான நாளிலிருந்து நான் புது போன் வைத்திருந்ததே இல்லை. எல்லாம் ஸ்டீபன் பயன்படுத்தி, சலித்து, ஒரு தடவையாவது கீழே போட்டு, அப்புறம் 'கண்டிஷன் நல்லாத்தான் கீது' என்ற சான்றிதழோடு வந்தவை. இப்போது இருப்பதும் அப்படித்தான். தோழியின் காரில் பாட்டுப் போடலாம் என்று இணைத்தேன். 'ஸ்டீபன் கனெக்டட்' என்றது கார். "உன் வீட்டுக்காரர் எங்கடி, டிக்கியிலயா?" என்று கேட்டாள் அவள். பெயரை மாற்றலாம்தான். மாற்றினால் மட்டும் அது என்னுடைய போனாகிவிடுமா?

எனக்கு என்ன ஆசை தெரியுமா? கேமரா இல்லை. சார்ஜ் இல்லை. புது போன் டப்பாவைத் திறந்தால், திரைமேல் மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்குமே... அதன் ஓரத்தை நகத்தால் நெம்பி, மெதுவாக, ரொம்ப மெதுவாக உரிக்க வேண்டும். ஒரு விரல்கூடப் படாத அந்தக் கண்ணாடியில் முதலில் தெரிகிற முகம் என்னுடையதாக இருக்க வேண்டும்.

அவ்வளவுதான்.

ஸ்டீபன் உரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஏங்கியிருக்கிறேன். 'நான் உரிக்கட்டுமா?' என்று வாய்வரை வரும். நாற்பதைத் தாண்டிய பெண் இதைக் கேட்டால் சிரிக்க மாட்டார்களா? விழுங்கிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை விழுங்க முடியவில்லை.

"ஒண்ணு வாங்குங்க. இல்லன்னா அந்த வீடியோவை நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

ஸ்டீபன் எழுந்து உட்கார்ந்தார். "இப்ப உன் போனுக்கு இன்னா கொறச்சல்?"

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "டேய், வாங்கித் தொலையேன்டா. என் போன்ல ஜெபக்கூட்டம் சுத்திகினே கீது. பாஸ்டர் வாயத் தொறந்தாரு, அப்டியே நிக்கிறாரு!"

இரண்டு பெண்கள் ஒரே பக்கம் சேர்ந்தால் ஸ்டீபன் தாங்க மாட்டார். சாயங்காலம் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். வாங்குவதற்கு இல்லை... 'சும்மா கையில் பிடித்துப் பார்க்க'.

கடையில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி. ஸ்டீபன் அவளிடம் வராத போன்களைப் பற்றி விசாரித்தார். அவள் வந்த போன்களைக் காட்டினாள். இவர் உதட்டைப் பிதுக்கினார். அலுத்துப்போய் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எந்த மாடல்க்கா பாக்குறீங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை.

"எனக்கா? எனக்கு... இவரோடது வந்துடும்மா."

அவள் சிரிக்கவில்லை. "எங்கூட்லயும் அப்டித்தான்க்கா" என்றாள். "நாள் பூரா போன் விக்கிறேன். என் கையில கீறது எங்கண்ணன் போட்டு ஒடச்சது."

எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்றவற்றில் ஒன்றைக் கைகாட்டினேன். "அந்த நீலத்தைக் குடும்மா."

"ஏய், அதுல பிராசஸர் இன்னான்னு கேட்டியா?" என்றார் ஸ்டீபன்.

"நீலங்க" என்றேன்.

பத்திரிகையில் இந்தப் பத்தி எழுதிச் சேர்த்த காசு என்னிடம் இருந்தது. வாங்கிவிட்டேன். அந்தப் பெண் பழக்கதோஷத்தில் டப்பாவைத் திறந்து, "டெம்பர் கிளாஸ் ஒட்டிக் குடுக்கவாக்கா?" என்று தாளின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"தொடாதம்மா!" என்றேன். பக்கத்து கவுன்டரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து, கையைக் கழுவித் துடைத்து, சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாளின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன்.

மாமியார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றார். கண் அந்தத் தாளின் மேலேயே இருந்தது.

அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை வருடம் நானே நின்றிருக்கிறேன்! நான் ஸ்டீபனுக்குப் பின்னால் நின்றேன். அத்தை எனக்குப் பின்னால். மனசு 'வேண்டாம்டி, இது உன்னுது' என்று அடித்துக்கொண்டது. அதற்குள் வாய் கேட்டுவிட்டது.

"அத்தை, நீங்க உரிக்கிறீங்களா?"

"சேச்சே, உன் போனு. நான் எதுக்கு?" என்றார். கை அதற்குள் நீண்டுவிட்டது.

உரித்தார். ரொம்ப மெதுவாக. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தாள் முழுசாக வந்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதற்காக இன்னொரு தடவைகூடக் கொடுக்கலாம். கண்ணாடியில் முதலில் தெரிந்தது அவர் முகம். நான் பக்கத்தில் தலையை நீட்டிக்கொண்டேன்.

அந்தத் தாளைக் கசக்கிப் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. வழக்கப்படி இனி அவருக்கு வரவேண்டிய என் பழைய போனை மேஜையிலிருந்து எடுத்தார். கீறல் விழுந்த அந்தத் திரைமேல் தாளை வைத்து, கட்டை விரலால் நீவி நீவி ஒட்டினார். ஒரு பக்கம் நீளமாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"இன்னா ஜெசி... இப்ப புச்சு மாதிரியே கீதுல்ல?"

ஹாலில் ஸ்டீபனின் வீடியோ ஓடிக்கொண்டேயிருந்தது. ஓடட்டும். எங்கள் வீட்டின் அடுத்த புது போன் யாருக்கு என்று நான் முடிவு செய்துவிட்டேன் – எதையும் எதோடும் ஒப்பிட்டுப் பார்க்காமல்.