காயாத வெண்டைக்காப் பூ

இன்னிக்கு வெண்டைக்கா நறுக்குறப்ப அந்த வாசனையில கை அப்படியே நின்னுபோச்சு. சின்ன வயசுல உப்பளத்து ஓரம் எங்க கொட்டாயி இருந்துச்சு, இப்ப அங்க எறா வளக்குற குட்டை வந்துடுச்சு. அந்தக் கொட்டாயில அக்கா அட்டை ஓரத்துல பூப்போட்ட கிஃப்ட் பேப்பர் ஒட்டி, வெட்டுன வெண்டைக்காய சாயத்துல தோச்சு, பொங்கல் வாழ்த்துக்கு பூ பூவா குத்துவா. நல்லதண்ணி இல்லாம உப்புப் பாத்தித் தண்ணியில சாயம் கலக்குவோம், அந்த உப்புக்கு பூ காயவே காயாது. ஒரு தடவ குடிச்சிட்டு வந்த அப்பா, சட்டையில செவப்புச் சாயம் ஒட்டிடுச்சுன்னு உப்பு வார்ற பலகைய எம்மேல ஓங்குனாரு. அக்கா அவரு கையக் கடிச்சு, ரத்தம் வந்தும் விடல. மண்டையில அடி வாங்கிக்கினே, "டேய், அட்டைய தூக்கினு ஓடுடா!"ன்னு கத்துனா.

போன மாசம் அவள அவ புருஷன் அடிச்சே கொன்னுட்டான். அவன் கையில பல்லுத் தடம் ஆழமா இருக்குதாம். எங்கக்கா கடைசியா குத்துன பூ, அது காயவே கூடாது.