புதுத் தீவு வரும்வரை ஒரு திருவிழா

எனக்குப் பின்னால் பிறந்தவள் கனடாவில் இருக்கிறாள். ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிற வேலை. போனில் கதைத்தால் எங்கள் இரண்டு பேருக்கும் கதை வராது. "சாப்பிட்டியளோ?" "ஓம்." "மழையோ?" "இல்லை." அதோடு முடிந்துவிடும். ஆனால் போனுக்குள் இருக்கிற அந்தத் தோட்ட விளையாட்டுக்குள் வந்துவிட்டால் ஓயாமல் எழுதுவாள். "அக்கா, என்ரை மாட்டுக்குத் தண்ணி வைச்சனீங்களோ?" என்று தொடங்குவாள். மாட்டில் தொடங்கி, மேற்பார்வைக்காரன் ஏசினது, பஸ்ஸில் இருந்து அழுதது எல்லாம் வந்துவிடும். வாயால் சொல்ல மாட்டாததை எழுதிவிடுவாள்.

நாங்கள் புத்தூரில் வெங்காயம் வைக்கிற ஆட்கள். என் மனுசன் இவருக்கு வெங்காயம், எனக்குப் போனுக்குள்ளே கத்தரி. விளையாட்டு பெரிய வித்தையில்லை. ஆளுக்கொரு தோட்டம். பயிர் நடலாம், மாடு வளர்க்கலாம், படகு கட்டலாம். ஒருவர் தோட்டத்துக்கு மற்றவர் போய்த் தண்ணீர் இறைக்கலாம். சில மாதத்துக்கு ஒருமுறை விளையாட்டைச் செய்கிறவர்கள் ஒரு புதுத் தீவைத் திறந்துவிடுவார்கள், படகில்தான் அங்கே போகலாம். அந்தக் கிழமை எல்லோரும் வந்து குவிவார்கள். தங்கச்சிதான் முதல் ஆள். கெதியாய் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிடுவாள். பிறகு அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. இடைக்கிடை வருவாள், பிறகு வரவே மாட்டாள். அடுத்த தீவு திறக்கும்வரை எனக்கு "சாப்பிட்டியளோ" மட்டும்தான்.

இந்த முறையும் அப்படித்தான். "அக்கா, அலுப்பாக் கிடக்கு. புதுத் தீவு வரேக்கை வாறன்" என்று எழுதினாள். அவளுடைய மனுசன் வேலைக்காக வேறு நகரத்துக்குப் போயிருந்த நேரம் அது. தனியே இருந்து என்ன பாடுபடுகிறாள் என்று அறிய எனக்கு வேறு வழியில்லை.

அன்று பின்னேரம் சாமியறையில் விளக்கேற்றிவிட்டு நிற்கும்போது ஒரு யோசனை வந்தது. அம்மாள் தந்தது என்றுதான் சொல்லுவேன். எங்கள் அம்மன் கோயிலில் கொடி ஏறினால், தீர்த்தம் ஆடிக் கொடி இறங்கும்வரை ஊரை விட்டுப் போய்த் தங்கக் கூடாது. ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். பூ, மேளம், பொங்கல் எல்லாம் அந்த வீட்டாரின் பொறுப்பு. விளையாட்டில் கொடிக்கம்பம் ஒன்று வாங்கலாம். வாங்கி என் தோட்டத்தின் நடுவில் நட்டு, "தாயே" என்று சொல்லி மஞ்சள் கொடி ஏற்றினேன். விளையாட்டில் சேர்ந்திருக்கிற எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் எழுதினேன்: "கொடி ஏறிவிட்டது. ஆளுக்கொரு நாள் திருவிழா. உபயகாரர் தன் தோட்டத்தைச் சோடிக்க வேண்டும், மற்றவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். கொடி இறங்கும்வரை ஒருவரும் ஊரை விட்டுப் போகக் கூடாது."

தங்கச்சி சிரிக்கிற முகமாய்ப் போட்டு நிரப்பினாள். "சரியான கள்ளி அக்கா நீங்கள். என்னைக் கட்டிப்போடத்தானே கொடி ஏத்தினனீங்கள்?"

"ஓமடி. போறதெண்டால் அம்மாளிட்டைச் சொல்லிப்போட்டுப் போ."

அவள் போகவில்லை.

என்னோடு தையல் படித்த குருநகர்க்காரி ஒருத்தியும் கூட்டத்தில் இருக்கிறாள். வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவள். அவளைக் கேட்க எனக்குக் கூச்சமாயிருந்தது. அவளோ, "எடி, எங்கடை பெருநாளும் கொடியேத்தித்தானே தொடங்கிறது. எனக்கு வேட்டைத் திருவிழாவைத் தா. மீன் வேட்டை காட்டுறன்" என்றாள்.

"விரத நாளிலை மீனோ?"

"நீ கண்ணை மூடிக்கொண்டு கும்பிடு."

அவள் நாளன்று படகுகளைக் கரையில் வரிசையாய் விட்டு, எல்லாவற்றுக்கும் விளக்குக் கட்டியிருந்தாள். அவ்வளவு வடிவு. தங்கச்சி தன் நாளில் மரப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கி, வானம் முட்டுகிற மாதிரி ஒரு சப்பறம் கட்டினாள். "அங்கை நாள் முழுக்க அடைக்கிற பெட்டி, இஞ்சை சாமிக்காவது உதவட்டும்" என்று எழுதினாள். அதற்குப் பிறகு கன விஷயம் எழுதினாள்.

தேர் என்னுடைய நாள். அதற்கு முதல்நாள் விடிய இவருடைய சித்தப்பா காலமாகிவிட்டார். பங்காளி வீட்டுச் சாவு. எங்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழியும்வரை துடக்கு, கோயில் வாசல் மிதிக்க ஏலாது. செத்தவீட்டால் வந்து, தலை முழுகி, சாமியறையைச் சாத்தினேன். பிறகு என் போனையும் எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

இவர் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன, உம்மடை போனுக்கும் துடக்கோ?"

"அதுக்குள்ளை கொடி ஏறிக் கிடக்கெல்லோ."

"அது விளையாட்டப்பா!"

"விளையாட்டெண்டாலும் அம்மாளை நினைச்சு ஏத்தினது."

"அப்ப ஐயரிட்டை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?"

"கேட்டு என்ரை மானத்தை வாங்காதேங்கோ."

தங்கச்சி இவருடைய போனுக்கு எடுத்துத் துக்கம் விசாரித்தாள். "தேர் என்ன செய்யிறது?" என்றாள். "எனக்குத் துடக்கு, நீ பார்" என்றேன். "ம்" என்றாள். அவ்வளவுதான். அவளைக் கட்டிப்போட்டுவிட்டு நானே ஊரை விட்டு வந்துவிட்டேனே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. தேருக்கு அடுத்த நாள் தீர்த்தம். அதோடு அவளுக்கும் கட்டு அவிழ்ந்துவிடும். பிறகு எடுத்தபோதெல்லாம் அதே "சாப்பிட்டியளோ"தான். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இடையில் குருநகர்க்காரி வந்து எட்டிப் பார்த்தாள். "புதுத் தீவு திறந்தாச்சு, தெரியுமே?" என்றாள்.

"தங்கச்சி போயிட்டாளோ?"

"நீயே வந்து பாரன்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தியேட்டி முடிந்து, வீடு கழுவி, கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கிக்கொண்டு வந்துதான் போனை இறக்கினேன். விளையாட்டைத் திறந்தால் என் கத்தரி காயவில்லை. மாடுகள் வயிறு நிறைந்து நின்றன. தோட்டத்து வாசலில் மாட்டு வண்டில்களை அடுக்கிக் கட்டின தேர் ஒன்று நின்றது. நடுவில் மஞ்சள் கொடி அப்படியே பறந்தது. அப்போதுதான் உறைத்தது. கம்பம் என்னுடையது, என்னைத் தவிர ஒருவராலும் கொடியை இறக்க ஏலாது.

தங்கச்சியின் படகு அவள் கரையில் கட்டினபடியே கிடந்தது.

"எடியே, நீ இன்னும் புதுத் தீவுக்குப் போகேல்லையோ?" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "நீங்களெல்லோ சொன்னனீங்கள், கொடி இறங்கும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாதெண்டு. நான் எப்பிடிப் போறது? ஒவ்வொரு நாளும் வந்து தண்ணி இறைச்சு இறைச்சுக் கை நோகுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்ப கொடி இறக்கட்டோ?"

"இறக்குங்கோ. ஆனால் தீர்த்தம் ஆடிப்போட்டு."

இரண்டு பேரும் விளையாட்டில் எங்களுக்காக நடமாடுகிற பொம்மைகளைக் குளத்துக்குள் இறக்கி முழுகவைத்தோம். கொடியை இறக்கினேன். அவள் தன் படகை அவிழ்த்து என் கரைக்குக் கொண்டுவந்தாள். "ஏறுங்கோ அக்கா. போய்க்கொண்டே கதைப்பம். அந்த மேற்பார்வைக்காரன்ரை புதினம் கனக்கக் கிடக்கு."

குசினிக்குள் இருந்து இவர் கூப்பிட்டார், "இஞ்சரும், சோறு அடிப்பிடிக்குது!"

"இறக்கி வையுங்கோ" என்றுவிட்டுப் படகில் ஏறினேன்.