சேர்த்து வைத்த குரல்

என் தங்கைக்கு டப்பிங் ஸ்டுடியோவில் 'அழுகாச்சி' என்று பெயர். பெற்ற பிள்ளை கிடையாது. ஆனால் திரையில் எந்த அம்மா அழுதாலும் தொண்டை இவளுடையதுதான். வீட்டிலோ அழவே மாட்டாள். எங்கள் அப்பா செத்தபோதுகூட, "தொண்டை கட்டிக்கும்க்கா, நாளைக்கு ரெக்கார்டிங் இருக்கு" என்று ஓரமாய் உட்கார்ந்திருந்தவள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அவள் குரல் கொடுத்ததிலேயே பேர் வாங்கியது ஒரு சின்னப் படம். சுரங்க வேலைக்குப் போன மகன் திரும்பவில்லை. வாசற்படியில் விழுந்து தாய் கதறுகிறாள். நடித்தவளுக்கு நம் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, ஏசியை நிறுத்திய அறையில் வியர்க்க வியர்க்க நின்று, என் தங்கை அந்த அழுகையை ஒரே டேக்கில் முடித்தாளாம். படம் வெளிநாடுகளில் விருது வாங்கியது. நடித்தவள் மேடை ஏறினாள். இவள் பெயர் டைட்டிலில்கூட இல்லை.

பிறகுதான் ஹாலிவுட்காரர்கள் அந்தக் கதையைத் திரும்ப எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. அவள் ஸ்டுடியோவின் சவுண்ட் இன்ஜினியர் வீடு தேடி வந்து சொன்னார்.

"அது நம்ம மொழிக்கு டப் ஆகி வரும்லக்கா. அந்த அம்மாவுக்கு உங்களை விட்டா யாரு? இந்தத் தடவை பேரும் போட வச்சிடறேன்."

அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போதே குரல் கரகரத்துக்கொண்டுதான் இருந்தது. நான்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். குரல்நாணில் கட்டி. நல்ல கட்டி இல்லை.

"இப்பவே எடுத்துட்டா உயிருக்குப் பயமில்லை. ஆனா குரல் பழையபடி வராது" என்றார் டாக்டர்.

"படம் வரட்டும் டாக்டர். ஒரு அழுகைதான். முடிச்சுட்டு நானே வந்து படுத்துக்கறேன்."

கத்தினேன், கெஞ்சினேன், பட்டினி கிடந்தேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

அந்த ஒரு அழுகைக்காகக் குரலை மிச்சம் பிடிக்க, அன்றிலிருந்து வீட்டில் பேச்சையே நிறுத்திவிட்டாள். வெந்நீரும் மப்ளருமாய் இருந்தாள். ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் தட்டைத் தட்டுவாள். "நான் என்ன நாயா, தட்டுச் சத்தத்துக்கு ஓடி வர?" என்று திட்டுவேன். அங்கே படமோ நகர்ந்தபாடில்லை. முதலில் நடிகையை மாற்றினார்கள், பிறகு டைரக்டரை. அவர்கள் படத்தைத் தள்ளிப்போடப் போட, இவளும் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டாள். ஒரு நாள் மூச்சு முட்டி முகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. குரல்வளையையே எடுத்தார்கள். அதற்குள் கட்டி நுரையீரலுக்கும் பரவியிருந்தது. இனி அதிக நாள் தாங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் படம் வந்தது, வேறொரு பெண்ணின் குரலில். போக வேண்டாம் என்றேன். தட்டு நெளியும்வரை தட்டினாள். மூச்சு விடத் தொண்டையில் போட்டிருந்த ஓட்டையை மப்ளரால் மறைத்து தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். இன்ஜினியரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தக் காட்சி வந்தது. மகன் இனி இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஊர்த் தாய் அழவில்லை. வாயே திறக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து மகனுடைய சட்டையை மடித்து வைக்கிறாள். அவ்வளவுதான்.

"மாத்திட்டாங்கக்கா" என்றார் இன்ஜினியர், தலையைக் குனிந்துகொண்டு. "டப்பிங்குக்கு வந்தப்பதான் எனக்கே தெரியும். இந்த இடத்துக்குக் குரலே தேவைப்படலை. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

என் தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்பாவுக்கு அழாதவள், அத்தனை பேருக்காக அழுதவள், முதல்முறையாகத் தனக்காக அழுதாள். உடம்பு குலுங்கியது. மப்ளருக்குள்ளிருந்து வெறும் காற்றுதான் வந்தது. முன்வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை, நான் வாய்விட்டு அழுதேன். அதற்குத்தான் திரும்பினார்கள்.