குமாரதாஸ் சார் பெரிதாக்கிக் காட்டிய படம்

குமாரதாஸ் சார் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் இராஜாக்கமங்கலம் தோப்பில் தேங்காய் வெட்டுக்கு நின்றிருந்தேன். தென்னைகளே தலைகுனிந்தன, பார்த்தவன் சொல்கிறேன். கல்லூரியில் விலங்கியல் நடத்திய மனிதருக்கு, பத்தாம் வகுப்பைத் தொடாத நான்தான் நெருங்கிய சிநேகிதன். சாரை அறிந்த நீங்கள் மறுக்கமாட்டீர்கள்.

வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் பிள்ளை உண்டாகும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. போன வருஷம் எங்கள் உத்தரத்தில் ஒன்று கட்டத் தொடங்கியது. என் மனைவி கூட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். காலைதோறும் மருமகளை அதன் கீழே நிறுத்தி, "ஏட்டி, நல்லா கும்பிடு" என்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கூட்டையும் அந்தப் பிள்ளையின் வயிற்றையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். தூ! அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

"மாமா, அது என்ன குளவின்னு சார்ட்ட கேளுங்களேன்" என்றாள். குளவி மண்ணுருண்டையைத் தூக்கி வரும்போது படம் எடுத்தேன். என் மூக்குக்கே பாய்ந்தது, நான் இமைக்கவில்லை.

படத்தை அனுப்பியதும் சார் நேரில் வந்துவிட்டார். "ஓய், இது மண்ணுருண்டைன்னு யாரு சொன்னா?" என்று விரலால் பெரிதாக்கினார். உருண்டைக்குக் கண்கள் இருந்தன.

"சிலந்தியாக்கும். தூக்கிட்டுப் பறக்க சொகமா இருக்கட்டும்னு காலெல்லாம் கடிச்சு அறுத்திருக்கு. அதனாலதான் இது சிலந்திக்குளவின்னு சொல்லுகேன். அதுல எந்த இனம்னு சொல்லப் படம் பத்தாது."

"செத்ததா சாரே?"

"உயிரோடதான் இருக்கு. கொட்டி மரத்துப்போக வச்சிருக்கு. அதுக்க மேல ஒரு முட்டை போடும். புழு பொரிச்சு வந்து கொஞ்சங்கொஞ்சமா தின்னும். செத்துப்போனா அழுகிரும்லா?"

என் மனைவி சந்தனம் வைத்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ச்சீ! இந்த எழவையா நான் கும்பிட்டேன்?" என்று துடைப்பத்தைத் தூக்கினாள்.

சார் மறித்தார். "அது அதுக்க பாட்டுக்கு இருக்கட்டும்மா. பூச்சிக்கு நம்ம வீட்டு விசேஷம் தெரியாது. அந்தப் பிள்ளைய கீழ நிறுத்தாம இருந்தா போதும்."

நானும் என் மனைவியும் அன்று பட்டினி. மருமகள் மட்டும் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சாரின் சாவு வீட்டில்கூட ஒருத்தி விடவில்லை. மருமகளின் கையைப் பிடித்து, "மக்கா, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்றாள். அந்தக் கேள்விக்கு முன்னால் புழுவே தேவலை. நான் போனை எடுத்தேன். சார் பெரிதாக்கிய அளவுக்கே பெரிதாக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டி, கால் அறுப்பதில் தொடங்கி ஒன்றுவிடாமல் விளக்கினேன். கட்டன்சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த விளக்கம்தான். என் மருமகளிடம் கேட்க நினைப்பவர்கள் முதலில் என்னிடம் வரவும்.