அண்ணனுக்குத் தேடிக் கொடுத்த விளையாட்டுகள்

என் அண்ணன் செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து மாமல்லபுரத்துக்கும் சுற்றியுள்ள இடங்களுக்கும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயதில், திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வளைவில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழி விடப் போய் வேன் கால்வாயில் கவிழ்ந்தது. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான். அண்ணனுக்குக் கழுத்தில் அடிபட்டுத் தண்டுவடம் நசுங்கியது. ஐந்து மாதம் மருத்துவமனையில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கழுத்துக்குக் கீழே அவனுக்கு மிச்சமிருந்தது வலது கை மட்டும். அதுவும் தோளும் முழங்கையும் அசையும், விரல்கள் மடங்கியபடியே இருக்கும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. செங்கல்பட்டிலேயே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா, நாங்கள் சிறு வயதில் படாளத்தில் இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். காலையில் அம்மா அண்ணனைக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள், மதியம் நான் வந்து சோறு ஊட்டுவேன். நடுவில் இருக்கும் நேரத்தில் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ரேடியோ வேண்டாம் என்பான், டி.வி. வேண்டாம் என்பான். ஒருநாள் கூரையில் இருக்கும் ஓடுகள் எத்தனை என்று எனக்குச் சொன்னான். அன்று நான் கல்லூரிக்குத் திரும்பிப் போகவில்லை.

மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் தெருவில் அண்ணனின் நண்பர் ஒருவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். கடைக்குப் புதிய கணினிகள் வந்ததும் பழையது ஒன்றை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினார்.

"கடையில இடத்த அடைச்சிகினு கீது மச்சான். நீயாவது எதுனா பண்ணு" என்றார் அண்ணனிடம்.

"கையே இல்லாதவனுக்கு இத்த வெச்சிகினு இன்னா பண்ணச் சொல்ற?"

"ஒரு கை கீதுல்ல."

அவர் கட்டில் மேல் குறுக்காக ஒரு பலகை போட்டு அதில் மவுஸை வைத்தார். அண்ணன் உள்ளங்கை ஓரத்தால் அதைத் தள்ளினான். மடங்கிய விரலின் கணுவால் பொத்தானை அழுத்தினான். அழுத்த முடிந்தது. நண்பருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் கொண்டுவந்திருந்த ஒரு கார் பந்தய விளையாட்டை உடனே போட்டுக் காட்டினார். அண்ணனால் அந்த வேகத்துக்குக் கையை நகர்த்த முடியவில்லை. கார் சாலையை விட்டு இறங்கித் தலைகீழாகக் கவிழ்ந்தது. மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆஃப் பண்ணு மச்சான்" என்றான் அண்ணன்.

அந்த நண்பர் அதன் பிறகு வீட்டுக்கு வரவே ரொம்ப நாள் ஆனது.

மறுநாள் மதியம் நான் அந்தக் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று குடைந்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுப் பயணி போட்டுவிட்டுப் போன விளையாட்டு ஒன்று இருந்தது. ஒரு தீவு, ஒரு கலங்கரை விளக்கம், படகுத்துறையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதன். திரையில் ஓரிடத்தை அழுத்தினால் அவன் அங்கே நடந்து போவான். ஒரு பொருளை அழுத்தினால் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்வான். அவ்வளவுதான். சுடுவது இல்லை, துரத்துவது இல்லை, கடிகாரம் ஓடுவதும் இல்லை.

அண்ணன் அம்புக்குறியைக் கலங்கரை விளக்கத்தின் கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போக மூன்று நிமிடம் ஆனது. அந்த மனிதன் அதுவரை நின்றான். நடுவில் ஒருமுறை தலையைச் சொறிந்துகொண்டான்.

"பாரு" என்றான் அண்ணன். "எனக்கோசரம் நின்னுகினு கீறான்."

அண்ணன் எட்டாவது வரை தமிழில் படித்தவன். வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பேசி இங்கிலீஷ் பேச வரும், படிக்க வராது. அந்த விளையாட்டிலோ எல்லாமே எழுத்து. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். படகுக்காரன் அனுமதிச் சீட்டைப் பற்றிப் பெரிய மனிதன் மாதிரி நாலு வரி பேசினான். நான் அதை, "டிக்கெட் கீதா நைனா? இல்லன்னா எறங்கு" என்று சொன்னேன். அண்ணன் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது, நெஞ்சைத் தடவிக் கொடுத்தேன். இருமி முடித்துவிட்டு, "அப்புறம் இன்னா சொல்றான்?" என்றான்.

இரண்டு மாதத்தில் அந்தத் தீவை முடித்துவிட்டோம். அதிலிருந்து அவனுக்கு விளையாட்டு தேடுவது என் வேலையானது.

எங்கள் கணினி பரம ஏழை. எட்டு எம்.பி. நினைவகம், சிடி போடும் வசதி கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. கடைகளில் விற்ற புதிய விளையாட்டு எதுவும் அதில் ஓடாது. இந்த விவரங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தேன். சென்னைக்குப் போனால் பழைய கணினிச் சாமான் விற்கும் கடைகளில் அந்தச் சீட்டை நீட்டுவேன். "இதுல கால்குலேட்டர்தான்மா ஓடும்" என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர் தூசி படிந்த ஒரு பெட்டியைக் காட்டித் தேடிக்கொள்ளச் சொன்னார். ஒரு மதியம் முழுக்கத் தேடி, ஒரு மடாலயத்தில் நடக்கும் கதையையும், ஒரு ரயிலுக்குள்ளேயே நடக்கும் கதையையும் எடுத்து வந்தேன்.

பிறகு பழைய விளையாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையதளங்கள் இருப்பது தெரிந்தது. செங்கல்பட்டில் பேருந்து நிலையம் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இறக்குவேன். ஐந்து எம்.பி. இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் தொடர்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. இறங்கியதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஃப்ளாப்பிகளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவேன். நாலு ஃப்ளாப்பியைக் கணினி நன்றாகப் படிக்கும், ஐந்தாவது கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிடும். அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டான். "நாளைக்குப் பாத்துக்கலாம் வுடு" என்பான். ஆனால் நாளைக்கு நான் படியேறும் சத்தம் கேட்டதுமே, "அஞ்சாவது வந்துச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

நான்கு ஆண்டுகளில் பதினோரு விளையாட்டுகள் முடித்தோம். என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கேட்பவர்களுக்குப் புரியாது.

படிப்பு முடிந்து சில ஆண்டுகள் உள்ளூரில் வேலை பார்த்தேன். அப்புறம் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. தினமும் போய்வர முடியாது, அங்கேயே பெண்கள் விடுதியில் தங்கவேண்டும். அண்ணனிடம் சொல்லத் தயங்கினேன். அவனே அம்மாவிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டான்.

"போடி. நீ போனாதான் வூடு நிமிரும்" என்றான்.

"விளையாட்ட யாரு படிச்சிச் சொல்றது?"

"வெள்ளக்காரனையே சமாளிச்சவன் நானு. எழுத்துக் கூட்டிப் படிச்சிக்குவேன்."

போவதற்கு முன் எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய விளையாட்டைத் தேடி ஏற்றிக் கொடுத்தேன். காணாமல் போன ஓர் ஊரைத் தேடிப் போகும் கதை. பதினாறு ஃப்ளாப்பி. எல்லாவற்றையும் கணினி ஒரே தடவையில் படித்தது. ஒரு ஆங்கில-தமிழ் அகராதியையும் பலகையில் வைத்துவிட்டுப் போனேன்.

முதலில் வாரம் தவறாமல் வந்தேன். வேலை கூடியதும் மாதம் ஒருமுறையானது. பிறகு அதுவும் தள்ளித் தள்ளிப் போனது. மழைக்காலத்திலிருந்து ஆறேழு மாதம் நான் வீட்டுக்கே வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போன் செய்வதை மட்டும் விடவில்லை. அண்ணன் விளையாட்டில் எங்கே இருக்கிறான் என்று சொல்வான். ஒரு வீட்டில் ஒரு பெண் உப்பு நிறுத்துக்கொண்டே இருக்கிறாள், எவ்வளவு நிறுத்தாலும் தராசு சமமாகவில்லை என்றான். இன்னொரு வாரம், தண்ணீருக்குள் மரங்கள் நிற்கின்றன, மரமெல்லாம் வெள்ளைப் பறவைகள், ஒன்றுகூட விழிக்காமல் அந்தப் பக்கம் போகவேண்டும் என்றான். நான் "ம், ம்" என்பேன். விடுதியில் துணி மடித்துக்கொண்டோ, ஆபீஸ் வேலையைத் திறந்து வைத்துக்கொண்டோ கேட்பேன்.

"இப்ப இன்னா பண்ணட்டும், சொல்லு" என்றான் ஒருமுறை.

"கைல கீற எல்லாத்தயும் எல்லாத்து மேலயும் வெச்சிப் பாருண்ணா. எதுனா ஒண்ணு வேல செய்யும்" என்றேன். விளையாட்டில் வழி தெரியாமல் நின்றால் நாங்கள் எப்போதும் சொல்லிக்கொள்வது அதுதான். ஆனால் அன்று நான் சீக்கிரம் போனை வைப்பதற்காகச் சொன்னேன்.

"சரி" என்றான்.

அந்தக் கோடையில் நான் சொந்தமாக ஒரு மடிக்கணினி வாங்கினேன். பழைய விளையாட்டுகளைப் புதிய கணினியில் ஓடவைக்கும் இலவச மென்பொருள் ஒன்று அதற்குள் வந்துவிட்டிருந்தது. அண்ணனுக்குத் தெரியாமல் அதே விளையாட்டை ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை அவன் சொல்லும்போது, "நானும் அங்கதாண்ணா கீறேன்" என்று சொல்லி அவனை அசத்த வேண்டும் என்று ஆசை. ஆபீஸ் விட்டு வந்து தினமும் மாலையில் ஆடினேன். மாட்டிக்கொண்ட இடங்களுக்கு இணையத்தில் விடை பார்த்தேன். பத்து நாளில் முடித்துவிட்டேன்.

உப்பு நிறுக்கும் பெண் வரவில்லை. தண்ணீரில் நிற்கும் மரங்களும் வரவில்லை. நான் ஏதோ வழியைத் தவறவிட்டேன் என்று நினைத்து மறுபடி தொடக்கத்திலிருந்து ஆடினேன். அப்படி எதுவும் அந்த விளையாட்டில் இல்லை.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, சொல்லாமல் ஊருக்குப் போனேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். கணினித் திரை மேல் அம்மாவின் பழைய புடவை போர்த்தியிருந்தது. பலகை சுவரோரம் சாய்ந்திருந்தது. கீழே இருந்த கணினிப் பெட்டியின் மேல் மடித்த போர்வைகளும் மருந்து டப்பாக்களும் அடுக்கியிருந்தன.

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மழையில ஒழுவி அது மேலயே ஊத்திடுச்சிம்மா. அப்ப போனதுதான். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினான்."

கார்த்திகையில் பெய்த மழை அது. இப்போது சித்திரை.

அவன் விழித்ததும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் திரையைப் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

"ஏன்ணா சொல்லல?"

"சொன்னா நீ லீவ போட்டுகினு, சீட்ட எடுத்துகினு கடை கடையா சுத்துவ."

"அதுக்காவ இல்லாததெல்லாம் சொல்லுவியா?"

அவன் கூரையைப் பார்த்தான். பிறகு, "வேற இன்னா கீது என்னாண்ட சொல்றதுக்கு?" என்றான். "இன்னிக்கி மூத்திரப் பை மாத்துனாங்க, முதுவுல புண்ணு ஆறலன்னு சொல்லட்டுமா? அத்த கேக்கவா வாராவாரம் போன் போடுற?"

நான், "அந்த உப்புக்காரி வூட்டுல அப்புறம் இன்னா ஆச்சி?" என்று கேட்டேன்.

"தெரியல. நீ அன்னிக்கி அவசரமா வெச்சிட்ட. நானும் அத்தோட வுட்டுட்டேன்."

திரும்பிப் போகும்போது பேருந்து கேளம்பாக்கம் உப்பளங்களைக் கடந்தது. ஓரத்தில் உப்பு குவித்து வைத்திருந்தார்கள். அண்ணன் பயணிகளை ஏற்றிக்கொண்டு இந்தச் சாலையில் நூறு தடவை போயிருப்பான். வேடந்தாங்கலுக்கும் அப்படித்தான். பருவத்தில் அங்கே ஏரித் தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும், மேலெல்லாம் பறவைகள் இருக்கும். என் அண்ணன் தான் வேன் ஓட்டிய இடங்களைத்தான் வாராவாரம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து இந்தப் பக்கமே இருந்த எனக்கு அது தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு என் மடிக்கணினியை அவனிடம் கொண்டுபோனேன். அவன் கைக்குத் தோதாக, மேலே பெரிய உருண்டை வைத்த மவுஸ் ஒன்றும் வாங்கினேன். ஒரு விளையாட்டைத் தொடங்கினோம். பழைய மாதிரியே நான் படித்துச் சொன்னேன், அவனும் நல்லபடியாகத்தான் இருந்தான். ஆனால் கால் மணி நேரத்திலேயே கை சோர்ந்துவிட்டது. மூன்று ஞாயிறுகள் ஆடினோம். நான்காவது வாரம் படுக்கைப் புண்ணிலிருந்து காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்தோம்.

அங்கே பன்னிரண்டு நாள் இருந்தான். ஒரு மதியம் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இன்னிக்கி நீ சொல்லு" என்றான்.

எதைக் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. ஒரு வீடு, ஒரு கதவு, ஒரு ஆள், எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு ஒன்றுமே வரவில்லை. ஆபீஸ் கேன்டீனில் வெள்ளிக்கிழமை பிரியாணி போடுவார்கள் என்று சொன்னேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி ஆறு மாடி ஏறியதைச் சொன்னேன். அவன் கண்ணை மூடி, ஒவ்வொன்றுக்கும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்து இறந்துபோனான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவன் சொன்னவற்றை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஆறு மாதத்தில் இருபத்தைந்து ஞாயிறாவது இருந்திருக்கும். உப்பு வீடும் பறவை மரங்களும் நினைவுக்கு வந்தன. கடலுக்குள் இறங்கும் ஒரு படிக்கட்டு அரைகுறையாக வந்தது. வேறு எதுவும் வரவில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, எந்தத் துணி என்பது உட்பட.

அவனால் போனைப் பிடிக்க முடியாது. அந்த ஞாயிறுகளில் எல்லாம் அதை அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அம்மாதான். அவளிடம் கேட்டேன்.

"அண்ணன் போன்ல இன்னா சொல்லுவான்மா? உனக்கு எதுனா ஞாபகம் கீதா?"

அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னா தெரியும்? அவன் பேசுவான், நான் அவன் மொகத்தப் பாத்துகினு இருப்பேன்" என்றாள். பிறகு காம்புகளைத் தனியாக ஒதுக்கிவிட்டு, கீரையை அலசக் கொல்லைப்பக்கம் போனாள்.