செபமாலையின் கணவாய் மை

நீங்கள் கடைசியாக விழுங்கிய மருந்து எதிலிருந்து செய்யப்பட்டது என்று உங்களால் சொல்ல முடியுமா? செபமாலையிடம் மருந்து வாங்குகிறவர்கள் சொல்வார்கள். மாத்திரையைக் கொடுக்கும் முன்பே அவர் சொல்லிவிடுகிறார். "இது விலாங்கு ரெத்தம். இது சீமை மீன் ஈரல் எண்ணெய். இது கணவாய் மை. சம்மதம்னா வாயைத் தொறங்க." சம்மதம் இல்லாதவர்கள் எழுந்து போகிறார்கள். மரக்கறி மட்டுமே உண்பவர்கள் அநேகமாக எல்லோருமே போகிறார்கள்.

அறந்தாங்கி மீன் சந்தையின் கடைக்கோடியில், ராக்காயியின் கருவாட்டுக் கூடைகளை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை. அதற்குள், அந்தப் புழுக்கத்திலும், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருப்பவர்தான் செபமாலை. கோட்டைப்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர். கல்கத்தாவிலிருந்து தபாலில் வந்த ஓமியோபதிப் புத்தகத்தையும் மருந்துப் பெட்டியையும் வைத்துக்கொண்டு தாமே படித்துத் தேறினார்.

கணவாய் மீன் கக்கும் கறுப்பு மையில் ஒரு சொட்டு, ஸ்பிரிட்டில் தொண்ணூற்றொன்பது சொட்டு. புட்டியை உள்ளங்கையில் பத்துத் தட்டு. அதில் ஒரு சொட்டை எடுத்து மறுபடியும் தொண்ணூற்றொன்பதில் விட வேண்டும். மறுபடியும் பத்துத் தட்டு. இப்படி முப்பது முறை. கடைசிப் புட்டியிலிருந்து சர்க்கரை மாத்திரைமேல் விட்டால் மருந்து தயார். தட்டும்போது வாய்விட்டு எண்ணுவார். "ஆறு, ஏழு..." என்றதும் ராக்காயி அங்கிருந்து "பதினாறு!" என்று கூவுவாள். "சண்டாளி, கெடுத்துப்புட்டியே!" என்று சிரித்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்குவார்.

இதை எழுதும் எனக்கு இந்த வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. முப்பதாவது புட்டியில் கணவாயின் அணு ஒன்றுகூட மிஞ்சாது என்று அவருக்குக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறேன். "ஒங்க கணக்கு சரிதாங்க. ஆனா இருக்கு" என்பார்.

போன மாதம் ஜவுளிக்கடை ரெங்கராஜ் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவர் மனைவி சொர்ணவல்லிக்கு ஆறு வருடத் தலைவலி. செபமாலை ஒரு மணி நேரம் விசாரித்தார். "வேகமா நடந்தா வலி கொறையுதாம்மா? புளிப்பு கேக்குதா? புருசனைப் பாத்தா எரிச்சல் வருதா?" அந்த அம்மாள் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்கா, என்னிக்குமா?" என்று கேட்டாராம். ஆறு வருடத்தில் அவரை யாரும் இவ்வளவு கேட்டதில்லை.

"கணவாய் மைதான் ஒங்களுக்குச் சரி" என்றார் செபமாலை. மரக்கறிக் குடும்பத்து ரெங்கராஜ் துள்ளி எழுந்தார். மீன் விற்பவர்களின் காசு கல்லாவுக்குள் போகும்போது அவருக்குக் கவிச்சி அடிப்பதில்லை. மாத்திரை என்றதும் அடித்துவிட்டது.

ஆனால் மனைவி விடவில்லை. மறுநாள் ரெங்கராஜே சந்தைக்கு வந்தார். "ஓய் வைத்தியரே, கடைத்தெருவுல எனக்கு ஓட்டு வீடு ஒண்ணு சும்மா கெடக்கு. எடுத்துக்கும். 'மாமிசம் கலவாத மருந்து'ன்னு வாசல்ல ஒரு பலகை போடும். போதும். என் சம்பந்தி வீட்டுக்கு நான் பதில் சொல்லணுமில்ல?"

செபமாலைக்கு அந்த வீடு எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும். போன ஐப்பசியில் கொட்டகை ஒழுகி, சர்க்கரை மாத்திரை எல்லாம் கட்டியாகிப் போயிற்று. யுத்தத்தால் கல்கத்தாச் சரக்கு வருவதில்லை. இந்த மழையிலும் நனைந்தால் மறுபடி வலை பின்னத்தான் போக வேண்டும். "பலகையை எழுதிப் போடுங்கள். ரசாயனப்படி அது உண்மைதானே" என்று நானே வற்புறுத்தினேன்.

"நீங்க இல்லைன்னு எழுதலாம், ஒங்களுக்கு அது இல்லை. இருக்குன்னு நம்பித்தானுங்களே நான் குடுக்குறேன்? இல்லைன்னு எழுதிப்புட்டு எந்த மொகத்தோட குடுக்குறது?"

ரெங்கராஜ் அந்த ஓட்டு வீட்டைப் பூட்டியே வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, சந்தை நிறைந்திருந்த நேரம், சொர்ணவல்லி தனியாக நடந்து வந்தார். வேகமாக. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அம்மா, வழி தவறி வாரீங்களா? காய்கறிக் கடை அங்கிட்டு!" என்றாள் ராக்காயி.

"தெரியும்டி. ஒன் மீனை யாரு கேட்டா? நான் என் மருந்துக்கு வந்தேன்."

செபமாலை வழக்கம்போல் ஆரம்பித்தார்: "அம்மா, இது கணவாய்..."

"அதான் ஊருக்கே தெரியுதே, போடுங்க!"

சந்தையே பார்த்திருக்க, வாயை அகலத் திறந்தார். இப்போது தலைவலி குறைந்திருக்கிறதாம். மாத்திரையாலா, காது கொடுத்துக் கேட்டதாலா, சந்தைவரை விறுவிறுவென்று நடந்ததாலா? மாத்திரைக்கு மட்டும் நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அண்ணாந்து வாய் திறந்தபோது அவர் கண்ணில் பட்டது கூரையின் ஓட்டை. சாயங்காலமே அவர் அனுப்பிய நாலு கட்டுக் கீற்று வந்து இறங்கியது. கொட்டகையில் பாதிதான் மூடியிருக்கிறது.

அறந்தாங்கி வாசகர்களே, இருட்டிய பிறகு வேலைக்காரியை அனுப்பி அவரிடம் மாத்திரை வாங்கும் மரக்கறி வீடுகள் எவை என்பது எனக்குத் தெரியும். ஐப்பசி பிறக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாளைக் காலையில் நீங்களே, மீன் சந்தை வழியாகவே வாருங்கள். வரும்போது ஆளுக்கொரு கட்டுக் கீற்று கொண்டு வாருங்கள்.